1803 கண்டிப் போரை விளையாட்டாக்கும்போது இரு பக்கத்தையும் எப்படிச் சமன்செய்வது?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஆங்கிலேயருக்கும் கண்டி அரசுக்கும் நடந்த 1803ஆம் ஆண்டுக் கண்டிப் போரை வியூக விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். முதலில் செய்து பார்த்ததில் ஆங்கிலேயர் பக்கம் ஆடியவரே பத்தில் எட்டு ஆட்டம் ஜெயித்தார். அதனால் கண்டிப் படைக்குப் பீரங்கியும் ஆளும் கூட்டிக் கொடுத்தார்கள். இப்போது ஐந்துக்கு ஐந்து வருகிறது. ஆனால் ஆடிப் பார்த்த அண்ணன் ஒருவர், "இது கண்டியே இல்லையே, சிவப்புக் காய்க்கும் நீலக் காய்க்கும் சண்டை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாராம். வரலாற்றை விடுவதா, நியாயமான ஆட்டத்தை விடுவதா என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டையும் விட வேண்டாம். அந்த அண்ணன் சொன்னது சரி. ஆனால் உங்கள் முதல் வடிவமும் வரலாறு இல்லை. ஆங்கிலேயர் பத்துக்கு எட்டு ஜெயிக்கிற 1803 என்று ஒன்று நடக்கவே இல்லை. அந்தப் போரில் அவர்கள் தோற்றார்கள்.

நான் மாத்தளையில் பல வருடம் வரலாறு படிப்பித்தவன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வைத்து இதே போரை மேசை மேல் ஆடியிருக்கிறேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம்தான் வரைபடம், சட்டைப் பொத்தான்கள் படை, புளியங்கொட்டை அரிசி. அந்த அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டுத் திண்ணையில் இருந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது. ஆனாலும் "ஆட்டுக்கும் பல்லு குடு, அப்பதான் நியாயம்" என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆடு ஜெயிக்க வேண்டுமென்றால் புலியைக் கொல்லத் தேவையில்லை, நகரவிடாமல் அடைத்தால் போதும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, வேலை வேறு, வெற்றி என்பதே வேறு. நீங்கள் பலத்தை ஒன்றாக்கினீர்கள், வெற்றியை ஏற்கெனவே ஒன்றாக வைத்திருந்தீர்கள். கண்டி நகரத்தைப் பிடித்தவன் ஜெயித்தான் என்பதுதானே உங்கள் விதி? கோளாறு அதில்தான் இருக்கிறது.

1803இல் நடந்ததைப் பாருங்கள். ஜெனரல் மக்டோவல் ஜனவரி கடைசியில் கொழும்பிலிருந்து கிளம்பினார். கர்னல் பார்பட் திருகோணமலையிலிருந்து வந்தார். இரண்டு படையும் சேர்ந்து சுமார் மூவாயிரம் பேர். பெப்ரவரி 20ஆம் திகதி வாக்கில் கண்டிக்குள் நுழைந்துவிட்டார்கள். நகரம் வெறுமையாகக் கிடந்தது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஹங்குராங்கெத்தப் பக்கம் போய்விட்டார், ஜனங்களும் கிளம்பிவிட்டார்கள். ஆங்கிலேயர், கண்டி முடிக்கு உரிமை கோரிய முத்துசாமியைக் கொண்டுவந்து அரசனாக உட்கார வைத்தார்கள். அவரை அரசர் என்று ஏற்க ஆளே வரவில்லை. பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது. ஏப்ரலில் மக்டோவல் பெரும்பகுதிப் படையோடு இறங்கிவிட்டார். மேஜர் டேவி கொஞ்சப் பேரோடு நின்றார். ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை தாக்கியபோது அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் எழுந்து நிற்கவே முடியாத நிலை. அன்றே சரணடைந்தார். இரண்டு நாளில், வட்டபுளுவயில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியில்லாமல், அந்தப் படை அழிந்தது.

நகரத்தைப் பிடிப்பது கண்டிப் போரில் ஆரம்பம் மட்டுமே. ஒல்லாந்தருக்கும் இதே அனுபவம். 1765இல் கண்டியைப் பிடித்தார்கள், சில மாதம் வைத்திருந்தார்கள், பசியிலும் நோயிலும் விட்டுவிட்டுப் போனார்கள். போர்த்துக்கேயர் 1594இல் தந்துரையிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இல் கன்னொறுவயிலும் மூன்று முறை படையோடு போய் அழிந்தார்கள். மூன்றிலும் நல்ல துவக்கு (துப்பாக்கி) அவர்களிடமும் இருந்தது.

ஆகவே கண்டிக்குப் பீரங்கி கூட்டாதீர்கள். கொடித்துவக்கு என்று முக்காலியில் வைத்துச் சுடும் சின்னத் துப்பாக்கிதான் அவர்களுடையது, அதை ஆள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடலாம். அது அப்படியே இருக்கட்டும். நேருக்கு நேர் நின்றால் ஆங்கிலேயரின் சிவப்புக் காய் ஜெயிக்கட்டும், எப்போதும் ஜெயிக்கட்டும். நீங்கள் மாற்ற வேண்டியது அரிசியை.

ஒரு கணக்குப் போடுங்கள். இது விளையாட்டுக்காக நான் வைத்திருக்கும் எளிய கணக்கு. ஒரு சுமைகூலி 25 கிலோ அரிசி தூக்குகிறான், அவனே ஒரு நாளைக்கு ஒரு கிலோ சாப்பிடுகிறான். கடற்கரையிலிருந்து கண்டிக்குப் போக பத்து நாள், திரும்ப பத்து நாள். 20 கிலோ அவன் வயிற்றுக்கே போய்விடும். கண்டியில் இறங்குவது 5 கிலோ. அங்கே ஆயிரம் சிப்பாய் இருந்தால், ஒரு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் 200 கூலிகள் வந்து சேர வேண்டும். தினமும். பாதை பதினைந்து நாளாக நீண்டால், வந்து சேருவது ஒன்றுமில்லை. அவன் திரும்பி வரும் வழியிலேயே பட்டினி.

இந்த ஒரு விதியை மட்டும் உங்கள் கேமில் வைத்துப் பாருங்கள், பாதிப் பேலன்ஸ் தானாக வந்துவிடும். சிவப்பு ஆடுபவர் எவ்வளவு பெரிய படையைக் கூட்டிப் போகிறாரோ அவ்வளவு சீக்கிரம் பசிக்கும். சின்னப் படையோடு போனால் பசி குறையும், ஆனால் நோய் வந்த பிறகு காவலுக்கு ஆள் இருக்காது. இடையில் கிடங்கு கட்டலாம். மாத்தளையில் ஆங்கிலேயர் கட்டிய மக்டோவல் கோட்டை அப்படிப்பட்டதுதான். அதன் வாசல் இன்றும் நிற்கிறது, உள்ளே கல்லறைத் தோட்டம். ஆனால் கிடங்கு கட்டினால் அதற்கும் காவல் வேண்டும், காவலுக்கும் அரிசி வேண்டும். சிவப்பு ஆடுபவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கில்தான்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தரம் 11 பிள்ளை ஒருத்தி கண்டிப் பக்கம். எதிரே ஒரு பையன், ஐந்தாவது சுற்றிலேயே நகரத்தைப் பிடித்து நாற்பது புளியங்கொட்டையோடு உட்கார்ந்துவிட்டான். அவள் நகரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பொத்தானை மாத்தளைப் பாதையில் வைத்து, வருகிற கூலிகளை மட்டும் மறித்தாள். சுற்றுக்கு நான்கு கொட்டை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மழைக்காலச் சுற்று வந்தபோது அவனிடம் மூன்று கொட்டை, ஆறு பொத்தான் நோயில் கவிழ்ந்து கிடந்தது. "சேர், நான் ஒரு சண்டையிலயும் தோக்கலயே" என்றான். உண்மைதான், ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. மேஜர் டேவி அந்த ஜூன் மாதம் எப்படி இருந்திருப்பார் என்று நான் அதற்குப் பிறகு வகுப்பில் விளக்க வேண்டியே இருக்கவில்லை.

இப்போது மற்றப் பக்கம். சிவப்புக்கு மட்டும் கஷ்டம் கொடுத்தால் கண்டி ஆடுபவர் சும்மா காத்திருந்தே ஜெயிப்பார். அதுவும் பொய், அலுப்பும் கூட. கண்டிக்குச் சம்பளப் படை கொஞ்சம்தான், பெரும்பகுதி ராஜகாரிய முறையில், அதாவது அரசனுக்குச் செய்ய வேண்டிய கட்டாயச் சேவையாக, வருகிற குடியானவர்கள். 1804இல் கண்டிக்குப் படை நடத்திப் போன கேப்டன் ஜோன்ஸ்டன் பிறகு எழுதிவைத்ததில் அவர்களைப் பற்றி அருமையான விவரம் இருக்கிறது. ஒவ்வொருவனும் துவக்கோடு பதினைந்து நாள் அரிசியையும் ஒரு சின்னச் சட்டியையும் தானே கொண்டு வருவான். கூடாரத்துக்குப் பதில் ஒரு தாளிப்பனை ஓலை, அது மழைக்குக் கூரை, வெயிலுக்குக் குடை. பதினைந்து நாள் முடிந்தால் வேறு ஊர்க்காரர் வந்து மாற்றுவார்கள். எவ்வளவு இலேசான படை பாருங்கள், பின்னால் ஒரு மாட்டு வண்டியும் வேண்டாம். ஆனால் பதினாறாவது நாள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். விதைப்பும் அறுப்பும் வந்தால் இன்னும் சீக்கிரம் போவான்.

இதை விதியாக்குவது சுலபம். கண்டிக் காய் வரைபடத்தில் வைக்கப்பட்டால் இரண்டு சுற்றுத்தான், அப்புறம் ஊருக்குத் திரும்பும். ஒரே மாவட்டத்தை அடுத்தடுத்து அழைத்தால் ஆள் குறையும். அறுவடைச் சுற்றில் அழைத்தால் அந்த ஊர்த் தலைவனின் மனம் கெடும். ஆக, சிவப்புக்கு அரிசி எப்படியோ நீலத்துக்கு நாட்கள் அப்படி. எப்போது எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடுவது என்பதே கண்டி ஆடுபவரின் பெரிய முடிவு. அவசரப்பட்டால் பீரங்கி முன்னால் போய் நிற்பார், தாமதித்தால் முத்துசாமியின் முடி நிலைத்துவிடும்.

வெற்றியை எப்படி எழுதுவது? ஆங்கிலேயர் எதற்காகப் போனார்கள் என்று பாருங்கள். கவர்னர் நோர்த்துக்கு வேண்டியிருந்தது கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நடுவே கண்டி நாட்டுக்குள் ஒரு பாதை, சில எல்லை மாவட்டங்கள், சொன்னதைக் கேட்கிற ஓர் அரசன். அப்படியானால் பாதை திறந்திருக்க வேண்டும், முத்துசாமியைத் தலைவர்கள் சிலராவது ஏற்க வேண்டும், வருடக் கடைசியில் நகரத்தில் உயிரோடு ஒரு காவல்படை இருக்க வேண்டும். இவையே சிவப்பின் புள்ளிகள். நீலத்துக்கு மன்னர் பிடிபடாமல் இருக்க வேண்டும், தலைவர்கள் கூடவே இருக்க வேண்டும், பாதை மூடியிருக்க வேண்டும்.

அப்படி எழுதினாலும் வரலாற்றின்படி சிவப்பு அதிகம் தோற்கும். தோற்கட்டும். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது, நான் பலமுறை பாவித்தது. ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் ஏலம் போட வேண்டும்: "கண்டி நகரத்தை எத்தனை மாதம் பிடித்து வைத்திருப்பேன்?" ஒருவர் மூன்று என்பார், மற்றவர் நான்கு என்பார், முன்னவர் ஐந்து என்பார், எதிராளி தயங்கிக் கையை எடுத்துவிடுவார். அதிகம் கேட்டவர் சிவப்பை எடுத்துக்கொண்டு, தான் சொன்ன மாதத்தைக் காட்ட வேண்டும். உண்மையான படை பெப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஜூன் 24 வரை, நான்கு மாதம் தாக்குப்பிடித்தது. ஐந்து மாதம் நின்றவன் தோற்றுப்போன பக்கத்தை ஆடியும் நியாயமாக ஜெயிக்கிறான். ஒரு படையின் பலத்தைக்கூட நீங்கள் தொட வேண்டியதில்லை. எந்தப் பக்கம் கஷ்டம் என்று ஆடுகிறவர்களே விலை வைத்துவிடுகிறார்கள். உங்கள் கேமை ஒரு வருடம் ஆடிய பிறகு ஏலம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எல்லோரும் ஏழு மாதம் கேட்கிறார்கள் என்றால் அரிசி விதி இலேசாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தெரிந்திருப்பது என்கிற பிரச்சினை. மக்டோவலுக்குக் கண்டி காலியாக இருக்கும் என்று தெரியாது. உங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துத் தெரியும். அதனால் சில விஷயங்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றி மறைத்து வையுங்கள். என் மேசையில் மன்னரின் தலைமை அமைச்சரான பிலிமத்தலாவ மகா அதிகாரிக்கு நான்கு சீட்டு. ஆட்டத் தொடக்கத்தில் ஒன்றைப் பார்க்காமல் கவிழ்த்து வைப்போம். மன்னருக்கு உண்மையாக இருக்கிறாரா, ஆங்கிலேயரோடு சேர்வாரா, தானே அரசாள நினைக்கிறாரா என்பது நடுவில்தான் தெரியவரும். நோர்த்தும் அவரும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே இருந்தார்கள், அவர் கணக்கு என்ன என்று நோர்த் கடைசி வரை பிடிக்கவில்லை. மழை எந்தச் சுற்றில் கனக்கும் என்பதும் சீட்டில் இருக்கட்டும்.

செய்தி தாமதத்துக்கு ஜோன்ஸ்டன் கதையை விட நல்ல உதாரணம் இல்லை. 1804இல் பல திசையிலிருந்து படைகள் கண்டியில் கூட வேண்டும் என்று திட்டம். பிறகு திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் அவருக்குப் போன கட்டளை அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. சுமார் 300 பேரோடு மட்டக்களப்புப் பக்கமிருந்து மலையேறி, சண்டை போட்டுக் கண்டிக்குள் வந்து பார்த்தால் வேறு ஒருவரும் இல்லை. சில நாள் காத்திருந்துவிட்டு, வழியெல்லாம் சுடப்பட்டுக்கொண்டே திருகோணமலைக்கு இறங்கினார். கணினி விளையாட்டில் இதைச் செய்வது சுலபம்: இரண்டு படை பிரிந்திருந்தால் ஒன்றுக்குக் கொடுத்த கட்டளை இரண்டு சுற்று கழித்தே போய்ச் சேரட்டும், நடுவில் மாற்ற முடியாது. சிவப்புக்கு வேகம் இருக்கிறது, பேச்சு இல்லை. கண்டிக்கு மலைமுகட்டில் ஆள் நிற்கிறான், எதிரி எங்கே என்று அன்றே தெரியும்.

(இரண்டாம் உலகப் போரை வைத்து அடுத்த கேம் செய்ய ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்கு இந்தியாவில் நடந்த 1944 இம்பால் போரை எடுத்துப் பாருங்கள். நேச நாட்டுத் தளபதி மௌண்ட்பேட்டனின் தலைமையகம் அந்த ஏப்ரலில்தான் நம் பேராதனைக்கு வந்தது. ஜப்பானியர் மூன்று வாரச் சாப்பாட்டை நம்பி மலை தாண்டினார்கள். இதே அரிசிக் கணக்கு அங்கேயும் வேலை செய்யும்.)

1815ஐயும் சேர்ப்பதா என்று கேட்டீர்கள். சேருங்கள், ஆனால் தனி ஆட்டமாக. அதே மலை, அதே மழை, அதே துவக்கு. இந்த முறை கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் கண்டி விழுந்தது. 1814இல் மகா அதிகாரி எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார், ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி வருடக்கணக்காகத் தலைவர்களோடு தொடர்பு வைத்து அரண்மனைச் செய்தி சேகரித்திருந்தார், பெப்ரவரி 18ஆம் திகதி மன்னர் மெதமஹநுவரவில் பிடிபட்டார், மார்ச் 2 ஒப்பந்தம். மன்னர் கடைசிவரை வேலூரில் சிறையிருந்தார். இரண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: தலைவர்களின் மனம். படைப் பட்டியலை மாற்றாமல் அந்த ஒரு அளவை மட்டும் கீழே இறக்கித் தொடங்குங்கள். 1803 விதிகள் 1815இல் தானாகவே வேறு முடிவைத் தந்தால் உங்கள் விதிகள் சரி. தராவிட்டால் எங்கேயோ தவறு இருக்கிறது. இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

பரிசோதனை என்றதும் இன்னொன்று. ஐந்துக்கு ஐந்து வந்தது என்று சந்தோஷப்பட வேண்டாம். காசைச் சுண்டினால் இருபது தடவையில் 12க்கு 8 அல்லது அதைவிட மோசமாக வருவது பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசில் ஒரு குறையும் இல்லாமலே. பத்து ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. யார் ஜெயித்தார் என்று மட்டும் எழுதாமல் எந்தச் சுற்றில், எதனால் என்று எழுதுங்கள். ஒரே இருவர் பக்கம் மாறி ஆடட்டும். கெட்டிக்காரப் பிள்ளை எப்போதும் நீலத்தை எடுத்தால் நீலம் பலமாகத்தான் தெரியும்.

கடைசியாக, நீங்கள் கொஞ்சம் தயங்கிக் கேட்டது: வட்டபுளுவயில் சரணடைந்தவர்கள் கொல்லப்பட்டதையும், 1818இல் ஊவாவில் ஊர்களும் நெல்லும் எரிக்கப்பட்டதையும் காட்டுவதா, விடுவதா? காட்டுங்கள். கண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படை நோயாளிகள் அந்த நாட்களில் கொல்லப்பட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து, கெப்பெட்டிபொல தலைமையில் எழுந்த ஊவாக்காரரை ஆங்கிலேயர் அடக்கியது நெற்களஞ்சியங்களைக் கொளுத்தித்தான். ஒரு பக்கத்துக் கொடுமையை மறைத்து மறுபக்கத்தைப் பெரிதாக்கினால், அங்கே உங்கள் சமநிலை போய்விடும். எந்தப் பீரங்கியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஊரை எரிக்கும் கட்டளையைக் கொடுக்க ஆட்டக்காரருக்கு உரிமை இருக்கட்டும். எரித்தால் அந்த இடத்தில் நெல் இல்லை, அடுத்த வருடமும் இல்லை, அங்கிருந்து பாதைக்குக் கூலி வரமாட்டான். வரைபடத்தில் அந்த ஊர்ப் பெயர் கறுத்துப்போய் ஆட்டம் முடியும் வரை அப்படியே நிற்கட்டும்.

நீலம், சிவப்பு என்று மட்டும் காய்களுக்கு நிறம் போடவும் வேண்டாம். மலாய்க்காரர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆங்கிலேயர் படையில் இருந்த கேப்டன் நூருதீன் கண்டி மன்னர் பக்கம் சேர மறுத்துக் கொல்லப்பட்டார், அவருடைய வீரர் பலர் சேர்ந்தார்கள். கண்டி மன்னர் தென்னிந்திய நாயக்கர் வழி, எதிரே உட்கார வைக்கப்பட்ட முத்துசாமியும் அதே உறவு. அரிசி தூக்கிய கூலியின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவனுக்கு ஒரு காய் கொடுங்கள். சிவப்பு ஆடுபவர் ஒவ்வொரு சுற்றும் அவனை எண்ணட்டும். எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று திரையின் மூலையில் இரண்டு எண் இருந்தால் போதும்.

வரைபடம் தயாரானதும் அனுப்புங்கள். மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். பலகடுவப் பக்கம் வளைவுகளில் எங்கே நின்று மறிக்கலாம் என்று நடந்தே காட்டவும் தயார்.